பழைய ஜலம்

இரவு வேலையை விட்ட பிறகுதான் வேம்புவுக்கு இரவில் தூக்கம் வராது என்பது தெரிந்தது.

மவுண்ட் ரோடில் ஒரு தினசரிப் பத்திரிகையின் அச்சகத்தில் அவன் புரூப் திருத்திக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய் முதல் டிராம் ஓடும்போது திரும்புவான். சித்திரையில் ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரோடும் சண்டை இல்லை. கண் எரிந்தது, போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவன் மனைவி சுப்புலக்ஷ்மி ஒன்றும் கேட்காமல் சட்டையை மடித்து வைத்தாள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ராத்திரி வீட்டில் இருக்கிற புருஷனை அவள் கலியாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஆனால் இண்டர்மீடியட்டைப் பாதியில் விட்டவனுக்குப் பகல் வேலை தர மயிலாப்பூரில் யாரும் காத்திருக்கவில்லை. கடைசியில் சுப்புலக்ஷ்மியின் தகப்பனாருக்குத் தெரிந்தவர் என்று ஸ்ரீனிவாசராகவனைப் போய்ப் பார்த்தான். அவர் ஒரு காலேஜில் தாவர சாஸ்திரப் பேராசிரியர். காலேஜின் செடிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற வேலை.

“பிரின்சிபால் பி.ஏ. கேக்கறார்” என்றார் ஸ்ரீனிவாசராகவன், லஸ்ஸில் தம் வீட்டு வாசலில் நின்றபடி. “உன்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இல்லை.”

“இல்லை சார்.”

அவர் உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீளமான இலைகள். ஒவ்வொரு இலையின் நுனியும் நூலாக இழுத்துக்கொண்டு போய், நூலின் முனையில் ஒரு சின்னப் பாத்திரம் தொங்கியது. மேலே மூடி. உள்ளே பாதி வரை தண்ணீர். யாத்திரை போகிறவர்கள் கையில் தூக்கிப்போகிற கூஜாவை விரல் அளவுக்குச் சுருக்கியதுபோல் இருந்தது.

“சிலோன்லேர்ந்து வந்தது. பேரெல்லாம் பெரிசா இருக்கும், நீ கூஜாச் செடின்னே சொல்லு. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட ஒவ்வொண்ணு குடுத்தேன். ஒருத்தன் சாணி போட்டுக் கொன்னான். இன்னொருத்தன் கிணத்து ஜலம் விட்டுக் கொன்னான். ரெண்டு பேரும் பி.ஏ.”

வேம்பு சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“இது பட்டினியா வளரணும். வேருக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னாதான் கூஜா விடும். தொட்டியில மண்ணே கிடையாது, தேங்காய் நாரும் மணலும் அடுப்புக் கரியும்தான். குழாய் ஜலம் விடு, மழை பேஞ்சா மழை ஜலம். வெளிச்சம் வேணும், வெயில் கூடாது. காத்து ஈரமா இருக்கணும். இந்த ஊர் கோடையில அதான் கஷ்டம். ஈ, எறும்பு விழுந்தா எடுக்காதே. அந்தக் கூஜா ஜலத்துலதான் அதைக் கரைச்சுச் சாப்பிடறது.” தொட்டியை அவன் கையில் கொடுத்தார். “நான் கொடைக்கானல் போயிட்டு ஆனியில வருவேன். வரச்சே இதுல புதுசா ஒரு கூஜா வந்து மூடி திறந்துண்டு நிக்கணும். செடியோட தூக்கிண்டு போய் பிரின்சிபால் மேஜையில வெச்சு, இதான் சார் இவன் படிச்ச படிப்புன்னு சொல்றேன்.”

சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் வேம்பு குடியிருந்தான். முன்கட்டில் வீட்டுக்காரர் ராஜகோபாலன். நடுவில் பொதுக் கிணறு. செடியைச் சமையலறைக்கு வெளியே, தண்ணீர்ப் பாத்திரங்கள் வைக்கிற மேடையில் வைத்தான். அங்கே எப்போதும் ஈரம், மேலே கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம். சாணி கூடாது, கிணற்று ஜலம் கூடாது என்று சுப்புலக்ஷ்மியிடம் படித்துப் படித்துச் சொன்னான். ஈ சாப்பிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் முருங்கைக்காயில் ஒரு புழு இருந்தால் குழம்பே வாசலுக்குப் போய்விடும். தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்தான்.

“என்ன சமத்தா மூடி போட்டுண்டிருக்கு பாருங்கோ” என்றாள் சுப்புலக்ஷ்மி. “நம்மாத்துக் கூஜாவுக்குக் குட்டி போட்ட மாதிரி.”

முதலில் ஒரு கூஜா விளிம்பில் காய்ந்தது. காகிதம் கருகினாற்போல் ஓரத்திலிருந்து பழுப்பு இறங்கியது. பிறகு அடுத்தது. வேம்பு சூடுதான் காரணம் என்று செடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினான். மூன்றாவதும் காய்ந்தது. வெளிச்சம் போதவில்லையென்று முற்றத்தின் ஓரத்துக்கு நகர்த்தினான், வெளிச்சம் அதிகமென்று திரும்பவும் மேடைக்கே கொண்டுவந்தான். தொட்டியை முகர்ந்து பார்த்தான். தேங்காய் நாரை நாக்கில் வைத்து உப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இரவெல்லாம் பாயில் விழித்துக் கிடந்து, விடிகிற சமயத்தில் கண்ணயர்ந்து, வெயில் ஏறிய பிறகு எழுந்து வருவான். செடி முதல் நாளைவிட ஒரு பிடி மோசமாக நிற்கும்.

ஒரு நாள் விடிந்தும் தூக்கம் வரவில்லை. முகம் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனான்.

சுப்புலக்ஷ்மி குளித்து ஈரத்தலையோடு குந்தி உட்கார்ந்திருந்தாள். தவலை, செம்பு, கூஜா எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. முதல் நாள் ஜலத்தைக் கொட்டிவிட்டு, தேய்த்து, புது ஜலம் பிடித்து வைத்தபிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ராத்திரி தங்கின ஜலத்தை யாரும் வாயில் விட்டதில்லை. அவள் மடியருகே செடித் தொட்டி இருந்தது. சுண்டுவிரலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரே கூஜாவின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி அத்தனை பதவிசாக.

“என்ன பண்றே?”

“எழுந்துட்டேளா?” அவள் சிரித்தாள். “உள்ளே ஒரே கசடு. எறும்பும் ஈயுமா. தினமும் நான்தான் கொட்டி அலம்பி, குழாய் ஜலம் ரொப்பி வெக்கறேன். கிணத்து ஜலம் இல்லை, பயப்படாதேங்கோ.”

“தினமுமா?”

“பின்னே? நம்மாத்துக் கூஜாவுக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா?”

வேம்பு கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான். கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்துவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

“அது ஜலம் இல்லை சுப்பு. அது அதோட வயிறு. விழற ஈயை அதுலதான் கரைச்சுச் சாப்பிடறது. நீ தினமும் வயித்தைக் கழுவி விட்டிருக்கே.”

அவள் விரலில் சுற்றிய துணியைப் பார்த்தாள். மெதுவாக அவிழ்த்தாள். “நீங்க சொல்லவே இல்லையே” என்றாள். பிறகு, “சீக்கிரம் வேலை கிடைக்கணும்னுதான்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“என்னது? ஈ சாப்பிடறதா?”

கிணற்றுக்கு அந்தப் பக்கம் பல்லில் வேப்பங்குச்சியோடு ராஜகோபாலன் நின்றிருந்தார். குச்சியை எடுத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

“செடி, மாமா” என்றான் வேம்பு.

“செடின்னா கீரையா சாப்பிடறது? ஜீவனைன்னா சாப்பிடறது! ஓய், மாம்சம் சாப்பிடறவாளுக்கு என் ஆத்துல போர்ஷன் கிடையாதுன்னு உமக்குத் தெரியுமோன்னோ?”

“அது போர்ஷன் கேக்கலை மாமா. ஒரு தொட்டி.”

“தொட்டியோ தோட்டமோ. செத்த ஈயைத் தொட்ட கையால இவ ராட்டினக் கயத்தைத் தொட்டிருக்கா. அந்த ஜலத்துல நான் சந்தியாவந்தனம் பண்ணியிருக்கேன்.” அவர் எண்ணிப் பார்ப்பவர்போல் கண்ணை மூடினார். “மத்தியானத்துக்குள்ள வெளியில போயாகணும். அது போறதோ, நீங்க ரெண்டு பேரும் அதோட போறேளோ, உங்க இஷ்டம்.”

அவர் கயிற்றைக் கழற்றிக் கழுவப் போட்டார். அன்றைக்கு யாரும் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை.

லஸ்ஸில் பேராசிரியர் வீடு பூட்டிக் கிடந்தது. மயிலாப்பூரில் தெரிந்த வீடுகள் எல்லாம் ராஜகோபாலன் வீடு மாதிரிதான். வேம்பு குடையை விரித்துத் தொட்டிக்கு நிழல் பிடித்து, தன் தலை வெயிலில் காய, மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தான். அங்கே கரீமுல்லா இருந்தான். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். வேம்பு திருத்துகிற பிழைகளில் பாதி அவன் செய்தவை. அதனால் நல்ல சிநேகம்.

ராத்திரி வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு கரீமுல்லா கதவைத் திறந்தான். “இன்னா சாமி, வேலைய வுட்டுட்டு செடி விக்கக் கெளம்பிட்டியா?”

“இது ஈ தின்னும் கரீமு. எங்க வீட்டுல வெக்க முடியலை.”

“ஈயா? நம்ம வூட்ல அதுக்கு இன்னா பஞ்சம். வரச் சொல்லு உள்ளாற.”

முன்னறைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு பச்சைப் படுதா தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “யாருடா அது, உங்க ஐயரா? கையில இன்னா வெச்சிக்கினு கீறாரு?”

கரீமுல்லாவின் அக்கா அஃப்சருன்னிசா. புருஷன் ரங்கூனில் வியாபாரம் என்று போனவன், கடுதாசியோடு சரி. தம்பியின் குடும்பத்தை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். வேம்பு அவளைப் பார்த்ததில்லை. கரீமுல்லாவைப்போல் அவனும் அவளை ஆபா என்றுதான் அழைத்தான். பேராசிரியர் சொன்னதையெல்லாம் படுதாவைப் பார்த்துச் சொன்னான். இந்தத் தடவை ஈயை முதலில் சொன்னான்.

“வெயில் கூடாது, காத்து ஈரமா இருக்கணும், சோறு போடக் கூடாது, கூஜாத் தண்ணியத் தொடக் கூடாது. அம்புட்டுதானே?” என்றது குரல். “பின்னால குளிக்கிற கொட்டாய்ல கட்டித் தொங்க வுட்டுர்றேன். காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் அங்க தண்ணி சளசளன்னு ஊத்திக்கினேதான் இருக்கும். மேல கீத்து, சந்துல வெளிச்சம். இத்த வுட ஈரம் சமுத்திரத்துலதான் கெடைக்கும்.”

“நான் அப்பப்போ வந்து பாக்கலாமா?”

படுதாவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட சிரிப்பு.

“நாலு வூட்டுப் பொம்பளைங்க குளிக்கிற எடம் சாமி” என்றான் கரீமுல்லா. “பகல்ல நானே போவ முடியாது.”

ஆகவே வேம்பு செடியைக் காதால் வளர்த்தான். சாயங்காலம் மீர்சாகிப்பேட்டைக்கு நடப்பான். கரீமுல்லா அச்சகத்துக்குக் கிளம்புகிற வரை முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து படுதாவிடம் கேட்பான்.

“இன்னிக்கு எப்படி இருக்கு?”

“கரீமு, உங்க ஐயரு செடியக் கேக்கறாரா, என்னியக் கேக்கறாரா?”

“ஆபா!” என்பான் கரீமுல்லா.

“சும்மா கேட்டேன்டா. செடி நல்லாத்தான் கீது. நான்தான் இடுப்பு வலியோட கீறேன், அத்த யாரு கேக்கறாங்க.”

அவள் சொல்லுவாள். புது இலை ஒன்று விரிந்திருக்கிறது. அதன் நுனியில் சாட்டை மாதிரி ஒன்று இறங்குகிறது. சாட்டையின் முனை மேல்நோக்கி வளைந்து, அங்கே ஒரு வீக்கம். பிறகு அந்த வீக்கம் பேரீச்சங்கொட்டை அளவு. பிறகு அத்தர் குப்பி அளவு, ஆனால் தட்டை, காற்று இல்லாத பை மாதிரி. பிறகு பை உப்பிவிட்டது. “மூடிய இறுக்கிப் போட்டுக்கினு கீது. உள்ளாறத் தண்ணி கீது, வெளிச்சத்துல புடிச்சா தெரியுது. மூடியிருக்கறப்பவே எப்புடித் தண்ணி வந்திச்சுன்னு பக்கத்து வூட்டு ஜஹீதா கேக்கறா. நான் இன்னாத்தச் சொல்ல?”

வேம்பு இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுப்புலக்ஷ்மியிடம் அப்படியே ஒப்பித்தான். அவள் வேறு எதுவும் கேட்பதில்லை. “அந்த மாமி ஜலத்தைக் கொட்டிடலையே?” என்று மட்டும் கேட்பாள். மேடையில் செடி இருந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாள்.

ஆனி பிறந்து, முதல் மழை ஒரு சாயங்காலம் வந்து போனது. மறுநாள் வேம்பு பெஞ்சில் உட்காருவதற்குள் குரல் வந்தது.

“தொறந்திருச்சு ஐயரே.”

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கரீமுல்லா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். படுதாவுக்குப் பின்னால் யாரோ ஒரு கிண்ணத்தில் பாயசம் வைத்துத் தள்ளினார்கள். வேம்பு சுற்றும் முற்றும் பார்க்காமல் சாப்பிட்டான். ராஜகோபாலனுக்குத் தெரிந்திருந்தால் போர்ஷன் போயிருக்கும்.

ஸ்ரீனிவாசராகவன் மலையிலிருந்து வந்ததும், செடி எங்கே எப்படி வளர்ந்தது என்பதைக் கேட்டார். வேம்பு மறைக்காமல் சொன்னான். அவர் புருவம் உயர்ந்தது. “குளிக்கிற கொட்டகையா? தோணவே இல்லை எனக்கு” என்றார். “நானே வரேன். அங்கேர்ந்து நேரே காலேஜுக்கு எடுத்துண்டு போயிடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பேர் குடுத்தாகணும். கும்பகோணத்துலேர்ந்து ஒரு பி.ஏ. வந்து உக்காந்திருக்கான்.”

ஜட்கா மீர்சாகிப்பேட்டைச் சந்தில் நுழைந்தபோது காலை முற்றிவிட்டது. பேராசிரியர் கோட்டு, தலைப்பாகையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கரீமுல்லா கையைப் பிசைந்தான்.

“இப்ப எடுக்க முடியாதுங்க சார். பின்னால பொம்பளைங்க குளிச்சிக்கினு கீறாங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பொம்பளைங்க குளிக்கிறதுக்கு நான் நேரம் சொன்னேன்னா, நாளையிலேந்து எனக்குச் சோறு கெடையாது சார்.”

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வகுப்பு இருந்தது. படுதா லேசாக அசைந்தது. உள்ளே யாரோ யாரிடமோ உருதுவில் வேகமாக ஏதோ சொன்னார்கள். ஒரு பெரிய மனுஷர் முன்னறையில் வெறும் வாயோடு காத்திருக்கிறார் என்பது அந்த வீட்டுக்குத் தாங்கக்கூடிய விஷயமில்லை.

“செடியை அப்புறமா எடுத்துக்கலாம். கூஜா எப்படி வந்திருக்குன்னு தெரிஞ்சாப் போதும் இப்போ” என்றார் பேராசிரியர், பொதுவாக.

கொஞ்ச நேரத்தில் படுதாவின் அடியிலிருந்து ஒரு தட்டு வந்தது. மேலே பின்னல் துணி போட்டு மூடியிருந்தது. கரீமுல்லா எடுத்துக் கொண்டுவந்து பேராசிரியர் முன்னால் வைத்துத் துணியை விலக்கினான். வெற்றிலை, பாக்கு, ஏலக்காய். நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதில், காம்போடு கத்தரித்த கூஜா நின்றது.

பச்சை வெளிப்புறம். உள்ளே சிவப்புத் துளிகள். மூடி அழகாக நிமிர்ந்திருந்தது. அடித் தண்ணீரில் ஒரு கொசு மிதந்தது. வேம்பு அந்தக் கூஜாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான்.

“ஆபா” என்றான் கரீமுல்லா. “அறுத்துட்டியா?”

“பின்ன? வந்தவரு பாக்கணும்னாரு. பூ பாக்கணும்னா பூவத்தானே பறிச்சுக் குடுப்பாங்க? செடியக் கட்டியிருக்கற எடத்துல ஜஹீதா குளிச்சிக்கினு கீறா, அவளையுமா சேத்துத் தூக்கியார முடியும்?”

பேராசிரியர் தம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதல் தரமா வந்திருக்கு” என்றார். “நான்கூட இப்படி வரவழைச்சதில்லை.” திரும்ப வைத்தார். “செடியில இருந்திருந்தா இப்பவே பிரின்சிபால் ரூமுக்குப் போயிருப்பேன். அறுத்ததை எடுத்துண்டு போனா, எங்கேயோ வாங்கிண்டு வந்தான்னுதான் சொல்லுவார். ஒரு நாள்ல வாடியும் போயிடும். வேறே இருக்கா?”

படுதா முன்பிருந்த குரலாக இல்லாமல் சொன்னது: “இன்னொண்ணு கீதுங்க. உப்பிக்கினு கீது. மூடி தொறக்கல.”

“வெள்ளிக்கிழமை மத்தியானம்” என்றார் பேராசிரியர் வேம்புவைப் பார்த்து. “அதுக்குள்ள திறந்துதுன்னா எடுத்துண்டு வா. அதுக்கு மேலே என்னால நிறுத்தி வெக்க முடியாது.” ஒரு வெற்றிலையை மரியாதைக்கு எடுத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார்.

ஜட்காச் சத்தம் தேய்ந்த பிறகு குரல் கேட்டது. “ஐயரே. நான் கெடுத்துட்டேனா?”

“ஆமாம்” என்றான் வேம்பு.

கரீமுல்லா அவனை முறைத்தான்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சு சுருங்கிவிட்டது. “தொறந்துதா?” “இல்ல.” அவ்வளவுதான். வேம்பு எழுந்து போய்விடுவான். கத்தரித்த கூஜா முன்னறை மாடத்தில் தம்ளரோடு இருந்து விளிம்பிலிருந்து பழுப்பேறியது. அதை யாரும் எடுத்து எறியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கரீமுல்லாதான் அதைச் சொன்னான். “ஒரு ஊசிய வெச்சு மூடிய நெம்பி வுட்டா இன்னா சாமி? நாளைக்கு ஒரு மணி நேரம் நின்னாப் போதாதா?”

வேம்பு அதை நான்கு நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தான். படுதாப் பக்கம் திரும்பினான்.

“ஆபா. ஊசி முனையால லேசா ஓரத்துல நெம்பினாப் போதும்.”

“நெம்புனா இன்னா ஆவும்?”

“திறந்துக்கும்.”

“அப்பறம்?”

“சொல்ல முடியாது. காஞ்சு போகலாம்.”

“போவலாமா, போவுமா?”

வேம்பு கண்ணைத் தேய்த்துக்கொண்டான். “போகும்.”

“அப்ப நான் மாட்டேன்.”

“உங்களுக்கு அது செடி. எனக்கு அது வேலை.”

“தெரியாமயா கீறேன்? ஒண்ண நான் கெடுத்தேன். அதுக்கு நீ என்னிய இன்னா வேணா திட்டிக்கோ, கேட்டுக்கறேன். ரெண்டாவதையும் என் கையாலயே கெடுக்கச் சொல்றியே, அது நடக்காது. அது தானா தொறக்கட்டும்.”

“தானா திறந்தா எனக்குப் பிரயோசனம் இல்லை.”

“அதுக்குத் தெரியுமா அது?”

வேம்பு எழுந்து நின்றான். படுதா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாயம் போன பச்சை, கீழ் ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு நடை, நடைக்கு அப்பால் கொட்டகை. இந்த நேரத்தில் அங்கே யாரும் குளித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஊசிகூட வேண்டாம், நகம் போதும். அவன் கை படுதாவின் ஓரம் வரை போனது.

“சாமி” என்றான் கரீமுல்லா. சத்தமாகச் சொல்லவில்லை. யோசனை சொன்னவன் அவன்தான், ஆனால் இப்போது கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

படுதாவுக்குப் பின்னால் அசைவே இல்லை. அவள் விலகிப் போகவில்லை. அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது.

வேம்பு கையை இறக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். ரொம்பக் களைப்பாக இருந்தது. அச்சகத்தில் விடிகிற வரை உட்கார்ந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

“விடிஞ்சதும் பாத்துச் சொல்றேன்” என்றது குரல். “தொறந்திருந்தா இவன் ஓடியாருவான்.”

வெள்ளிக்கிழமை கரீமுல்லா ஓடிவரவில்லை. வேம்பு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுப்புலக்ஷ்மி இரண்டு தடவை காப்பி கொண்டுவந்தாள், இரண்டு தடவையும் ஆறிப்போயிற்று. கபாலி கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பேராசிரியர் வீட்டு வேலைக்காரன் வந்து, கும்பகோணத்துப் பிள்ளைக்கு வேலை ஆகிவிட்டது, செடி இப்போதைக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று ஐயா சொன்னார் என்றான்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேம்பு அச்சகத்துக்குப் போனான். போர்மேன் துரைராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்து, “இன்னா நைனா, ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, ஈரம் காயாத புரூப்பை நீட்டினார். அவன் இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசை இல்லை.

கரீமுல்லா எழுத்துப் பெட்டியை விட்டு எழுந்து வந்தான். விரலெல்லாம் மை.

“சாமி. தொறந்திருச்சு.”

“எப்போ?”

“இன்னிக்கு மத்தியானம். ஆபா சோறு துன்னல. உனக்கு எப்புடிச் சொல்றதுன்னு ஒக்காந்துக்கினு கீறா.”

வேம்பு பென்சிலைச் சீவினான். “உள்ளே சிவப்பு இருக்கா?”

“இருக்குதாம். மொதல்ல வந்தத வுடப் பெருசாம்.”

“தண்ணியைக் கொட்டிடாமப் பாத்துக்கச் சொல்லு.”

“அது அவளுக்குத் தெரியாதா சாமி.”

“சோறு திங்கவும் சொல்லு” என்றான் வேம்பு. முதல் வரியிலேயே ஒரு பிழை இருந்தது. கரீமுல்லாவுடையதுதான். வட்டம் போட்டான்.

முதல் டிராமில் மயிலாப்பூருக்குத் திரும்பினான். கிணற்றடியில் ராஜகோபாலன் வாங்கிப் போட்ட புதுக் கயிறு மஞ்சளாகத் தொங்கியது. சுப்புலக்ஷ்மி ஈரத்தலையோடு குந்தியிருந்தாள். தவலை கவிழ்ந்தாயிற்று, செம்பு கவிழ்ந்தாயிற்று. கூஜாவைக் கையில் எடுத்துச் சாய்க்கப் போனாள்.

“குடு” என்றான்.

“இது பழைய ஜலம்னா. ராத்திரி பூரா நின்னது. புதுசு தரேன், இருங்கோ.”

“பரவாயில்லை. குடு.”

கூஜாவை வாங்கித் தலையை அண்ணாந்து முழுவதையும் குடித்தான். வெண்கல வாசனையோடு குளிர்ந்திருந்தது. அவள் கையில் புளியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கட்டில் ராஜகோபாலன் இருமினார். வேம்பு கூஜாவைத் தேய்க்கிற பாத்திரங்களோடு வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தான்.

படுத்ததும் தூக்கம் வந்துவிட்டது.